பாசல் விதியும் காரைக்குடி கேஒய்சியும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே "பாசல் விதிகள் வந்தபிறகு" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கடன் கொடுக்கும் வங்கி தன் சொந்தப் பணமாக எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்று உலக வங்கிகளுக்கெல்லாம் சொல்பவைதான் அந்த விதிகள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. காப்பீடு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும். எந்தப் பங்கை வாங்கினால் இரட்டிப்பாகும் என்று கேட்டவர்கள் அதற்குப் பிறகும் பொறுத்துக்கொள்ளவும்.

பாசல் என்பது சுவிட்சர்லாந்தில் இருக்கும் ஊர். அங்கே உட்கார்ந்து யாரோ எழுதுவதை எங்கள் ஊர் வங்கி ஏன் கேட்க வேண்டும்?
– ஓர் ஆசிரியர், தென்காசி

கேட்டே ஆக வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் கிடையாது சார், அதுதான் இதில் வேடிக்கை. பாசல் குழுவுக்குப் போலீசும் இல்லை, கோர்ட்டும் இல்லை. ஆனாலும் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

கதை 1974 ஜூன் 26 அன்று ஆரம்பிக்கிறது. ஜெர்மனியில் கொலோன் நகரத்து வங்கி ஒன்று, பெயர் ஹெர்ஸ்டாட். அன்று பகலில் மற்ற வங்கிகள் அதற்கு ஜெர்மன் மார்க் கட்டியிருந்தன. பதிலுக்கு அது நியூயார்க்கில் டாலர் கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் வேலை நேரம் முடிந்ததும் அதிகாரிகள் வந்து உரிமத்தைப் பறித்து வங்கியை இழுத்து மூடிவிட்டார்கள். நியூயார்க்கில் அப்போது இன்னும் பகல்கூடச் சரியாக ஏறவில்லை. கட்டிய மார்க் போனது போனதுதான், டாலர் வரவில்லை. ஒரு நடுத்தர வங்கி விழுந்ததில் கடல் தாண்டியிருந்தவர்களெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அந்த வருடக் கடைசியிலேயே பணக்கார நாடுகளின் மத்திய வங்கித் தலைவர்கள் கூடி ஒரு குழு போட்டார்கள். பாசல் ரயில் நிலையத்துக்கு எதிரே பன்னாட்டுத் தீர்வு வங்கியின் வட்டக் கோபுரம் இருக்கிறதே, அந்தக் குழு இயங்குவது அங்கேதான்.

1988-ல் அவர்கள் போட்ட முதல் கணக்கு சுலபமானது. வங்கி 100 ரூபாய் கடன் கொடுத்தால் அதில் பெரும்பங்கு உங்களுடைய, என்னுடைய டெபாசிட். கடன் திரும்பாவிட்டால் முதல் அடியை வாங்குவதற்கு வங்கியின் சொந்தப் பணம் கொஞ்சமாவது இருக்க வேண்டும் இல்லையா? அந்தக் "கொஞ்சம்" 8 ரூபாய். ஆனால் எல்லாக் கடனுக்கும் ஒரே மாதிரி இல்லை. கம்பெனிக்குக் கொடுத்தால் முழு 8. வீட்டுக் கடனுக்கு 4. ஓஇசிடி என்கிற பணக்கார நாடுகளின் சங்கத்தில் இருக்கும் அரசுக்குக் கொடுத்தால் ஒரு பைசாகூட வேண்டாம். கடன் வாங்குகிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்காமல், எந்தச் சங்கத்து ஆள் என்று பார்த்து எடை போட்டார்கள். இந்தச் சங்கதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

நாம் ஏன் கேட்கிறோம் என்றால், கேட்காத நாட்டின் வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதத்தை வெளிநாட்டு வங்கி சந்தேகத்தோடு பார்க்கும். தரமதிப்பீட்டுக் கம்பெனிகள் பார்க்கும், பன்னாட்டு நிதியமான ஐஎம்எஃப் வந்து பார்க்கும். ரிசர்வ் வங்கி 1992-ல் இந்த விதியை எடுத்துக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம், பாசல் 8 என்றால் நாங்கள் 9 என்று பிறகு ஒரு படி கூட்டியும் வைத்தது. 1988 கணக்கைத் திருத்தி எழுதிய பாசல் மூன்றாம் தொகுப்பு சொல்லும் இரண்டரை சதவீதக் கூடுதல் சேமிப்பையும் சேர்த்தால் இன்று 11.5. அரசு வங்கிகளில் இந்தச் சொந்தப் பணம் யாருடையது? அரசுடையது, அதாவது நீங்கள் கட்டும் வரி. 2017 அக்டோபரில் அரசு வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனம் என்று அறிவித்தார்களே, வாராக்கடன் பள்ளத்தை நிரப்பவும் இந்தக் கணக்கை நேர் செய்யவும்தான். அடுத்த வருடம் நவம்பரில், 9-ஐ 8 ஆக்கினால் என்ன என்று மத்திய அரசு கேட்டது. ரிசர்வ் வங்கி 9-ல் இறங்கி வரவில்லை. கூடுதல் சேமிப்பின் கடைசித் தவணைக்கு மட்டும் ஒரு வருட அவகாசம் கொடுத்தது.

இந்த விதிகளால் வளரும் நாடுகள் பாதிக்கப்பட்டன என்று எல்லாரும் பொதுவாகச் சொல்கிறார்கள். எப்படி என்று யாரும் சொல்வதில்லை. ஓர் உதாரணம் தர முடியுமா?
– கல்லூரி மாணவி, சென்னை

தாய்லாந்து. கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

1990களின் நடுவில் நீங்கள் லண்டனிலோ டோக்கியோவிலோ ஒரு பெரிய வங்கியில் கடன் அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாங்காக்கில் ஒரு வங்கி 100 டாலர் கேட்கிறது. தாய்லாந்து அந்தப் பணக்காரச் சங்கத்தில் இல்லை. அதனால் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட கடன் என்றால் நீங்கள் 8 டாலர் சொந்தப் பணம் ஒதுக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் என்றால் 1.60 போதும். ஐந்து மடங்கு வித்தியாசம். என்ன செய்வீர்கள்? 364 நாளுக்குக் கொடுப்பீர்கள், முடிந்ததும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பீர்கள். வாங்குகிறவருக்கும் வட்டி குறைவு. விதி எழுதியவர்கள் பார்வையில் இது நியாயம்தான்: சீக்கிரம் திரும்பி வரும் கடனில் ஆபத்து குறைவு. யாருக்குக் குறைவு? கொடுத்தவருக்கு. வாங்கியவருக்கு அதுதான் பெரிய ஆபத்து.

பாங்காக்கில் அந்த டாலரை வைத்துக் கட்டடம் கட்டினார்கள். தினத்தண்டலில் காசு வாங்கிக் கல்யாண மண்டபம் கட்டுவதுபோல. மண்டபம் முடிந்து, முகூர்த்தம் வந்து, வாடகை வருவதற்குள் தண்டல்காரர் வாசலில் நிற்பார். பணம் போட்டவர்கள் எல்லாருமே அப்படி வாசலில் வந்து நிற்க ஆரம்பித்ததும், கையிருப்பு டாலர் கரைந்து, 1997 ஜூலை 2 அன்று, பாட் நாணயத்தை டாலரோடு கட்டி வைத்திருந்ததைத் தாய்லாந்து கைவிட்டது. டாலருக்கு 25 பாட் என்று இருந்தது ஆறே மாதத்தில் 50-ஐத் தாண்டிவிட்டது. டாலரில் கடன் வாங்கிப் பாட்டில் வருமானம் பார்த்த ஒவ்வொருவருக்கும் கடன் இரண்டு மடங்கு. பாங்காக் போகிறவர்கள் சாத்தோர்ன் பகுதியில் சாத்தோர்ன் யூனிக் என்ற 49 மாடிக் கட்டடத்தைப் பார்க்கலாம். முக்கால்வாசிக்கு மேல் கட்டி முடித்து, அந்த வருடம் நின்ற வேலை நின்றதுதான். பால்கனித் தூண்களெல்லாம் கிரேக்கக் கோயில் கணக்காக இருக்கும், உள்ளே ஆள் கிடையாது.

தென்கொரியா இன்னும் விசித்திரம். 1996 டிசம்பரில் ஓஇசிடி சங்கத்தில் சேர்ந்தார்கள். சேர்ந்த அன்றைக்கே, ஒரு ரூபாய் ஏற்றுமதிகூட அதிகமாகாமல், பாசல் கணக்கில் கொரியா "பாதுகாப்பான நாடு" ஆகிவிட்டது. ஒரு வருடம்கூட முழுசாக ஆகாமல் 1997 நவம்பரில் ஐஎம்எஃப் வாசலில் நின்றது. அடுத்த மாதங்களில் சாதாரண ஜனங்கள் வரிசையில் நின்று கல்யாண மோதிரத்தையும் குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்து 227 டன் தங்கம் சேர்த்தார்கள். நாமும் 1991-ல் 47 டன் தங்கத்தை அடகு வைக்க வெளிநாடு அனுப்பியவர்கள்தான். ஆனால் அது ரிசர்வ் வங்கிப் பெட்டகத்துத் தங்கம், யார் விரலிலிருந்தும் கழற்றியது இல்லை.

முழுப் பழியையும் பாசல் மேல் போட மாட்டேன். பாட்டை டாலரோடு கட்டிப்போட்டது, தெரிந்தவருக்குக் கடன் கொடுத்தது எல்லாம் உள்ளூர்க் கைங்கரியம். ஆனால் குறுகிய காலக் கடனுக்குச் சலுகை கொடுத்தது விதிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2004-ல் வந்த இரண்டாம் தொகுப்பில் அந்த "ஒரு வருடம்" மூன்று மாதமாகச் சுருங்கியதை வைத்து, எழுதியவர்களுக்கும் அது உறைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

1998-ல் மலேசியா ரிங்கிட்டை 3.80-ல் நிறுத்தியது. அப்போது உலகமே திட்டியது. அப்போதைய பிரதமர் மகாதீர் செய்தது சரிதானே?
– வாசகர், கிள்ளான்

பணத்தை வெளியே விடாமல் கதவைச் சாத்தியது 1998 செப்டம்பர் 1, ரிங்கிட்டை 3.80-ல் கட்டியது மறுநாள். பங்குச்சந்தையில் போட்ட வெளிநாட்டுப் பணம் ஒரு வருடம் உள்ளேயே இருக்க வேண்டும் என்றார்கள். ஐந்தாறு மாதத்தில் அதைத் தளர்த்தி, வெளியே எடுத்தால் வரி என்று மாற்றினார்கள். 3.80 மட்டும் 2005 ஜூலை வரை நின்றது. அதனால்தான் மலேசியா பிழைத்தது என்று நீங்கள் சொன்னால், அதே சமயத்தில் ஐஎம்எஃப் சொன்னபடி கேட்ட கொரியாவும் 1999-ல் எழுந்து நின்றதே என்று எதிர்த்தரப்பு கேட்கும். இந்த வழக்கு முடியாது. ஆனால் "கதவைச் சாத்தினால் நாடு நாசம்" என்று பயமுறுத்தியது பலிக்கவில்லை. 2012-ல் ஐஎம்எஃப்பே, சில நேரங்களில் இப்படிக் கட்டுப்படுத்துவதில் தவறில்லை என்று எழுதி வைத்தது. பதினான்கு வருடம் கழித்து.

எனக்கு 76 வயது. நாற்பது வருடமாக ஒரே வங்கி. திரும்பத் திரும்ப ஆதார் கொடு, பான் கொடு, போட்டோ கொடு என்கிறார்கள். நான் என்ன கடத்தல்காரனா?
– வாசகர், காரைக்குடி

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. கொஞ்சம் பின்னணி சொல்கிறேன், பிறகு ஒரு வழியும் சொல்கிறேன்.

1989-ல் ஏழு பணக்கார நாடுகளின் தலைவர்கள் பாரிசில் கூடியபோது, போதைமருந்துப் பணம் வங்கிகள் வழியாக வெள்ளையாவதைத் தடுக்க ஒரு குழு போட்டார்கள். எஃப்ஏடிஎஃப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு தீவிரவாதத்துக்குப் போகும் பணமும் அதன் வேலையில் சேர்ந்தது. நாற்பது பரிந்துரைகள். "பரிந்துரை" என்றுதான் பெயர். கேட்காவிட்டால் பட்டியலில் பெயர் வரும். இந்தியா 2010-ல் அதில் முழு உறுப்பினரானது. அதற்கு முன்பே பணமோசடித் தடுப்புச் சட்டம் 2005 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர் யார் என்று தெரிந்துகொள், அவ்வப்போது சரிபார் என்பது அந்த நாற்பதில் ஒன்று. கேஒய்சி என்பது அதுதான். அது பாரிசிலிருந்து டெல்லி, மும்பை வழியாக இறங்கி காரைக்குடிக் கிளையில் உங்கள் முன்னால் ஒரு படிவமாக நிற்கிறது.

நான் டெல்டா பக்கம் ஒரு கிளையில் இருபது வருடம் குப்பை கொட்டியவன். ஓய்வுபெற்றபின் போன வருடம் அதே மாதிரி ஒரு கிளையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி. முதியோர் பணம் எடுக்க வந்தவர், கேஒய்சி புதுப்பிக்காததால் கணக்கு முடங்கிவிட்டது. அந்தச் சின்ன இயந்திரத்தில் விரலை வைக்கிறார், ரேகை ஏறவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். வேறு விரல். "நாத்து நட்ட கை தம்பி, தேஞ்சுபோச்சு" என்றார். கவுன்ட்டரில் இருந்த பையன் கெட்டவன் இல்லை, ஏழெட்டு முறை முயன்றான். கடைசியில் "நாளைக்கு வாங்க பாட்டி" என்றான். பஸ் கட்டணம் போனது போனதுதான். பாரிசில் அந்தப் பரிந்துரையை எழுதியவர்கள் மனதில் இருந்தது நிச்சயமாக இந்தக் கட்டைவிரல் இல்லை.

சரி, வழி. ஆபத்துக் குறைவான கணக்குக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறை, நடுத்தரத்துக்கு எட்டு, அதிக ஆபத்து என்று வகைப்படுத்தியதற்கு மட்டும் இரண்டு வருடம் என்பதுதான் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் கெடு. உங்கள் விவரம் எதுவும் மாறவில்லை என்றால், "மாற்றமில்லை" என்று நீங்களே ஓர் உறுதிமொழி கொடுத்தால் போதும்; பதிவுசெய்த மொபைல், மின்னஞ்சல், ஏடிஎம், கடிதம் எது வழியாகவும் கொடுக்கலாம். மேனேஜரிடம் இதை மரியாதையாக, ஆனால் காதில் விழும்படி சொல்லுங்கள்.

எனது தம்பி பாரிசில் இருக்கிறார். 2018 அளவில் அவர் எங்களுக்குக் காசு அனுப்பப் போனால் ஆயிரம் கேள்வி கேட்டார்களாம். இலங்கை ஏதோ சாம்பல் பட்டியலில் இருந்தது என்றார்கள். அதற்கும் எங்கட குடும்பத்துக்கும் என்ன தொடர்பு?
– வாசகி, வவுனியா

அந்தப் பட்டியல் தயாராகிற அலுவலகம் உங்கள் தம்பி இருக்கிற பாரிசிலேயேதான் இருக்கிறது அம்மா. 2017 நவம்பரில் எஃப்ஏடிஎஃப் இலங்கையை, சட்டத்தில் குறை இருக்கிறது என்று கண்காணிக்கும் சாம்பல் பட்டியலில் போட்டது, 2019 அக்டோபரில் எடுத்தது. அதைப் பார்த்து ஐரோப்பிய ஒன்றியம் 2018 தொடக்கத்தில் தன்னுடைய "அதிக ஆபத்து நாடுகள்" பட்டியலிலும் சேர்த்துக்கொண்டது. அதிலிருந்து பெயரை எடுக்க 2020 ஆகிவிட்டது. அந்த இரண்டாவது பட்டியலில் இருக்கும் நாட்டோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலைக் கூடுதலாகத் துருவிப் பார்க்க வேண்டும் என்பது ஐரோப்பாவில் சட்டம். கொழும்பில் ஒரு சட்டத்தில் ஓட்டை, தண்டனை உங்கள் தம்பியின் வரிசைக்கு.

கேள்வி கேட்டதோடு விட்டார்களே, அதுவரை பரவாயில்லை. சோமாலியாக்காரர்களுக்கு அந்தக் கேள்விகூடக் கிடைக்கவில்லை. அப்போது ஒழுங்கான வங்கி அமைப்பே இல்லாத நாடு அது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலரில்தான் ஏராளமான குடும்பங்களின் அடுப்பு எரிந்தது. பணம் போனது தஹப்ஷீல் போன்ற அனுப்புநர் கம்பெனிகள் வழியாக. 2013-ல் பிரிட்டனின் பார்க்லேஸ் வங்கி, இப்படிப்பட்ட கம்பெனிகளின் கணக்குகளை மூடப்போகிறேன் என்றது. தஹப்ஷீல் கோர்ட்டுக்குப் போய்த் தற்காலிகத் தடை வாங்க வேண்டியிருந்தது. 2015 பிப்ரவரியில் அமெரிக்காவில், சோமாலியாவுக்கு அனுப்பும் கம்பெனிகளுக்குப் பெருமளவில் சேவை கொடுத்துவந்த கலிபோர்னியாவின் மெர்ச்சன்ட்ஸ் வங்கியும் கையைக் கழுவிவிட்டது. இவர்கள் குற்றம் செய்தார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. வங்கிக்கு இது வெறும் கூட்டல் கழித்தல்: இந்தக் கணக்கால் வரும் கமிஷன் இவ்வளவு, தவறிப்போனால் கட்டவேண்டிய அபராதம் அவ்வளவு, மூடு. ஆளுக்கு ஆள் பார்த்து முடிவெடுங்கள், மொத்தமாக மூடாதீர்கள் என்று 2014 அக்டோபரில் எஃப்ஏடிஎஃப்பே அறிக்கை விட்டுப் பார்த்தது. அபராதம் போடுகிறவர் வேறு, அறிக்கை விடுகிறவர் வேறு என்பது வங்கிகளுக்குத் தெரியாதா?

வங்கிக் கதவு சாத்தினால் காசு நிற்காது, உண்டியல் வழியாகப் போகும், அதாவது இங்கே ஒருவரிடம் கட்டினால் அங்கே அவருடைய ஆள் கொடுக்கும் வழி. விதியின் நோக்கத்துக்கே அது நேர் எதிர். காரைக்குடிப் பெரியவருக்கு நான் உண்டியல் பாடம் எடுக்கக் கூடாது. அவருடைய முன்னோர் ரங்கூனில் அரிசிக்குக் கடன் கொடுத்து ஊருக்கு உண்டியலில் பணம் அனுப்பிய காலத்தில் அது கௌரவமான வியாபாரம். அதே சொல்லைக் கேட்டால் இன்று அதிகாரி நிமிர்ந்து உட்காருகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களுக்கே தெரியும். இலங்கைக்கு வரும் வெளிநாட்டுக் காசு 2020-ல் 710 கோடி டாலர், 2021-ல் 549 கோடி, 2022-ல் 379 கோடி என்று இறங்கியதற்குப் பட்டியல் காரணமில்லை, அதற்குள் பட்டியலிலிருந்து வெளியே வந்தாயிற்று. டாலருக்கு 203 ரூபாய்தான் என்று மத்திய வங்கி பிடிவாதமாக நிறுத்தி வைத்திருந்தபோது, உண்டியல்காரர் அதைவிட நல்ல விலை கொடுத்தார். பிறகு யார் வங்கிக்குப் போவார்கள்?

தவறு செய்யும் பெரிய வங்கிகளை என்ன செய்கிறார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

அபராதம் போடுகிறார்கள். 2012 டிசம்பரில் ஹெச்எஸ்பிசி அமெரிக்காவுக்கு 190 கோடி டாலருக்குமேல் கட்டியது. மெக்சிகோ போதைக் கும்பல்களின் பணம் அதன் வழியாகப் போயிருந்தது. கவுன்ட்டர் ஜன்னலின் அளவுக்குக் கச்சிதமாகப் பெட்டி செய்து, அதில் ரொக்கத்தை அடுக்கிக்கொண்டு வந்து கட்டினார்கள் என்று அமெரிக்க நீதித்துறையே சொன்னது. ஐந்து வருடம் ஒழுங்காக இருந்தால் வழக்கில்லை என்று உடன்படிக்கை போட்டார்கள். ஒருவரும் ஜெயிலுக்குப் போகவில்லை. பாட்டியின் கட்டைவிரலை மேலே பார்த்தீர்கள், அந்த ஜன்னலையும் நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். எல்.சி. கமிஷன் ஏன் இவ்வளவு என்று கேட்டால் "பாசல்" என்கிறார் வங்கிக்காரர். உண்மையா?
– வாசகர், திருப்பூர்

பாதி உண்மை, அதுவும் பழைய பாதி. எல்.சி. என்பது வங்கி தரும் வாக்குறுதி. சரக்கை அனுப்பியதற்கான ஆவணங்களைச் சரியாகக் கொடுத்தால் பணம் தருகிறேன் என்பது. பணம் கையைவிட்டுப் போகவில்லை, அதனால் 100 ரூபாய் எல்.சி.யை 20 ரூபாய்க் கடன்போலப் பார்த்தால் போதும் என்பது முதல் தொகுப்பிலிருந்தே இருந்த வழக்கம். 2008 சரிவுக்குப் பிறகு, 2010-ல் மூன்றாம் தொகுப்பு எழுதும்போது சொந்தப் பணத்தைப்போல எத்தனை மடங்குவரை வங்கி கடன் கொடுக்கலாம் என்று புதிதாக ஓர் ஒட்டுமொத்த வரம்பு கொண்டுவந்தார்கள், அதில் எல்.சி.யையும் முழு 100 ரூபாயாக எண்ணு என்றார்கள். அமெரிக்க வீட்டுக்கடனில் சூதாடியவர்களைப் பிடிக்கப் போட்ட வலையில் பனியன் ஏற்றுமதி மாட்டியது. வணிகக் கடனில் மோசம் போவது மிகக் குறைவு என்று புள்ளிவிவரத்தோடு சர்வதேச வர்த்தக சபையும் வங்கிகளும் போய்ச் சண்டை போட்டபிறகு, 2014 ஜனவரியில் பழையபடி 20-க்கு இறக்கினார்கள். ஆக, பாசலைச் சொல்லி உங்களிடம் அதிகம் கேட்டால் அடுத்த வங்கியில் விலை கேளுங்கள். என் அனுபவத்தில் அந்த ஒரு வார்த்தைக்குக் கமிஷன் குறையும்.

எஸ் அண்ட் பி என்கிற தரமதிப்பீட்டுக் கம்பெனி நம் நாட்டின் ரேட்டிங்கை உயர்த்தியது என்று பெரிய செய்தி வந்ததே. என்ன லாபம்?
– வாசகர், சேலம்

2025 ஆகஸ்டில் மூன்று பி-க்குப் பக்கத்தில் இருந்த கழித்தல் குறி போனது. நல்லதுதான், வெளிநாட்டில் கடன் வாங்கும் வட்டியில் கொஞ்சம் தெரியலாம். ஆனால் பாசல் கணக்கில் பார்த்தால் மூன்று ஏ-யும் அதை ஒட்டிய நாடுகளும் பூஜ்ய எடை, ஒற்றை ஏ வகையறா 20, மூன்று பி வகையறா 50, அதற்குக் கீழே 100, ரொம்பக் கீழே போனால் 150. எடை 100 என்றால் 100 ரூபாய்க் கடனுக்கு முழு 8 ரூபாய், 50 என்றால் அதில் பாதி. கழித்தல் குறி போனாலும் நாம் அதே 50 பெட்டியில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

எனக்கு உறுத்துவது வேறு. 2008-க்கு முன் அமெரிக்காவின் உதவாக்கரை வீட்டுக்கடன் பத்திரங்களுக்கு மூன்று ஏ போட்டவர்கள் இதே கம்பெனிகள்தான். சூடு பட்ட அமெரிக்கா 2010-ல் சட்டம் போட்டுத் தன் வங்கி விதிகளிலிருந்து ரேட்டிங்கையே எடுத்துவிட்டது. மற்ற நாடுகளுக்கு எடை போட மட்டும் அதே தராசு இன்னும் நடக்கிறது.

இந்தியாவும் இப்போது பாசல் குழுவில் இருக்கிறதே. இனிமேல் நம் குரல் கேட்கும்தானே?
– வாசகர், மதுரை

2009-ல் சேர்த்துக்கொண்டார்கள். பிரேசில், சீனா, கொரியா, மெக்சிகோ, ரஷ்யா, ஆஸ்திரேலியா கூடவே. சேர்த்துக்கொண்ட நேரத்தைப் பாருங்கள்: பணக்கார நாட்டு வங்கிகள் விழுந்து கிடந்த நேரம். 35 வருடம் அந்த நாற்காலியே இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து இன்றுவரை தென்னாப்பிரிக்கா ஒன்றுதான்.

குரல் கேட்கிறதோ இல்லையோ, நாம் நல்ல பிள்ளையாக இருந்தோம். யார் விதியை ஒழுங்காகச் செயல்படுத்தினார்கள் என்று அந்தக் குழுவே பரீட்சை வைக்கும். 2014 டிசம்பரில் மூலதன விதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் வாங்கிய மார்க் கிட்டத்தட்ட ஃபெயில்: முக்கியமான இடங்களில் விதிப்படி இல்லை என்று வந்தது. அமெரிக்கா "பெரும்பாலும் சரி". 2015-ல் இந்தியா "சரி", அதாவது உச்ச மார்க். கேள்வித்தாள் தயாரித்தவர்கள் கோட்டைவிட்ட பரீட்சையில், பின்னால் வந்து உட்கார்ந்த பையன் முதல் மார்க். 2023 மார்ச்சில் கலிபோர்னியாவில் சிலிக்கான் வேலி வங்கி இரண்டே நாளில் காலியானது ஞாபகம் இருக்கும். அவசரத்துக்கு எடுக்கக்கூடிய சொத்து இவ்வளவு வைத்திரு என்கிற பாசல் விதி அந்த வங்கிக்குக் கிடையவே கிடையாது, அந்த அளவு வங்கிகளுக்கு அமெரிக்கா விலக்குக் கொடுத்திருந்தது. நம் ஊரில் அதைவிடப் பல மடங்கு சின்ன தனியார் வங்கிகளும் அந்த விதியைச் சுமக்கின்றன.

நல்ல பிள்ளை ஒரே ஒரு முறை முறைத்துக்கொண்டது. அரசுப் பத்திரம், அந்நியச் செலாவணி வியாபாரங்களுக்கு நடுவில் நின்று தீர்வு செய்யும் சிசிஐஎல் போன்ற நிறுவனங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஐரோப்பிய வங்கிகளும் இதில் வியாபாரம் செய்வதால், இவற்றைச் சோதிக்கவும் தேவைப்பட்டால் அபராதம் போடவும் தனக்கு உரிமை வேண்டும் என்றது ஐரோப்பாவின் சந்தைக் கண்காணிப்பு ஆணையமான எஸ்மா. இந்திய மண்ணில் இருக்கும் நிறுவனத்தைக் கண்காணிக்க ரிசர்வ் வங்கியும் செபியும் போதும் என்று நாம் சொல்லிவிட்டோம். 2022 அக்டோபர் 31 அன்று ஆறு இந்தியத் தீர்வு நிறுவனங்களின் அங்கீகாரத்தை எஸ்மா ரத்து செய்தது. உடனே தவித்தது யார்? இங்கே கிளை வைத்திருக்கும் ஜெர்மன், பிரெஞ்சு வங்கிகள். அந்த நாட்டுக் கட்டுப்பாட்டாளர்களே கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். பிரிட்டன் 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கியோடு தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டு, உங்கள் கண்காணிப்பை நம்புகிறோம் என்று வந்துவிட்டது. ரிசர்வ் வங்கி செய்தது சரி என்பது என் கட்சி. ஆனால் இதை இந்தியா செய்ய முடிந்தது, விட்டுப் போக மனசு வராத அளவுக்கு இங்கே வியாபாரம் இருப்பதால். சோமாலியாவோ, அமெரிக்க வங்கிகள் கணக்கை மூடியதும் டாலர் அனுப்ப வழியில்லாமல் அலைந்த, மத்திய அமெரிக்காவின் குட்டி நாடான பெலிஸோ முறைத்துக்கொண்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இவ்வளவு விவரம் சொல்கிறீர்களே, உங்கள் பணம் எங்கே சார் இருக்கிறது?
– வாசகர், சிதம்பரம்

பாதி, நான் வேலை பார்த்த வங்கியிலேயே டெபாசிட்டில். மீதி என் மனைவியின் கழுத்தில். இரண்டாவதற்குக் கேஒய்சி கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.